குழல் ஒரு வழியா வண்டியில உக்காந்துருச்சு: 9 பவுண்டர் பீரங்கி மாடல், வாங்குனதும் செஞ்சதும்

நேத்து சாயங்காலம் குழலைத் தூக்கி வண்டியில வச்சேன், ரெண்டு பக்க முளையும் பள்ளத்துல டக்குனு உக்காந்துச்சு, பின்பக்கம் மெதுவா இறங்கி ஆப்பு மேல சாஞ்சு நின்னுச்சு. ஆட்டிப் பாத்தேன், ஆடல. வாய் நேரா முன்னாடி பாக்குது, இடப்பக்கமும் போகல வலப்பக்கமும் போகல. இதுக்கு ஏழு மாசம் ஆச்சு. நடுவுல ஒரு ரெடிமேட் கிட் வாங்கி, ஒரு மரக்குழல் ஒடஞ்சு, ஒரு முழு பித்தளைக் குழல் வீணாகி, அதுக்கப்புறம் தான் இது. அளவெல்லாம் மறந்து போறதுக்கு முன்னாடி எழுதி வச்சிடுறேன், யாராவது இதே வேலையில இறங்குனா நான் தப்பு பண்ணுன இடமாவது மிச்சமாகும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இது சுடுற பீரங்கி இல்ல. குழல் முழுக்க கெட்டி, வாய்ல மட்டும் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு ஓட்டை, பாக்குறதுக்கு. திரி வைக்கிற துளை கிடையாது, அந்த இடத்துல சென்டர் பஞ்சால ஒரு புள்ளி, அவ்ளோ தான். வெளிநாட்டுல சில பேரு கரிமருந்து போட்டுச் சுடுற சின்ன பீரங்கியை வாங்கவும் செய்றாங்க செய்யவும் செய்றாங்க, ஆனா இங்க சிங்கப்பூர்ல 1972 பட்டாசுத் தடைச் சட்டத்துக்கு அப்புறம் தீபாவளிப் பட்டாசே நம்ம கையால கொளுத்த முடியாது, துப்பாக்கி வெடிபொருள் சட்டம் அதை விடக் கடுமை. அதனால பின்னாடி யாரு கையில போனாலும் சுடுற சாமானா மாத்தவே முடியாதபடி தான் ஆரம்பத்துலேர்ந்தே வரஞ்சேன். அந்த ஓட்டையை ஆழமாக்குறது எப்படின்னு யாரும் கேக்க வேணாம், சொல்ல மாட்டேன்.

ஆரம்பிச்சது ஃபோர்ட் கேனிங்ல, நகரத்துக்கு நடுவுல பழைய கோட்டை இருந்த குன்று. ஞாயித்துக்கிழமை மகளைக் கூட்டிக்கிட்டு தோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்துல இறங்கி மேல ஏறுனோம், அங்க இருக்குற 9 பவுண்டர் பீரங்கியைப் பாத்துட்டு இது யாரைச் சுட்டுச்சுன்னு கேட்டா. இது சண்டைக்கு இல்லம்மா, மணி சொல்றதுக்கும், தீப்பிடிச்சா ஊருக்குச் சொல்றதுக்கும், மரியாதைக்கு முழங்குறதுக்கும் வச்சிருந்தாங்கன்னு சொன்னேன். அவளுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு, மணி அடிக்கிற பீரங்கி வீட்டுக்கு வேணும்னா. எனக்கும் சின்ன வயசுலேர்ந்து ஒரு ஆசை இருக்கு, ஊருக்குப் போனப்ப தாத்தா தஞ்சாவூர்ல பீரங்கி மேட்டுக்குக் கூட்டிப் போயி அந்த ராஜகோபால பீரங்கியைக் காட்டுனாரு, 26 அடி நீளம், இரும்புப் பட்டையையும் வளையத்தையும் காய்ச்சி அடிச்சு ஒட்டுனது, வார்ப்பே கிடையாது. அந்த வளையங்களைத் தொட்டுப் பாத்தது இன்னும் கையில இருக்கு.

சரி, முதல்ல வாங்கிப் பாப்போம்னு தான் நினைச்சேன். ஆன்லைன்ல ஒரு கிட், ஷிப்பிங்கோட 165 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அச்சுல வார்த்த குழல், லேசர்ல வெட்டுன பிளைவுட் வண்டி, குட்டி குட்டி கொக்கி, வளையம், கயிறு, எல்லாம் பை பையா போட்டு வந்துச்சு. ரெண்டு நாள்ல கட்டி முடிச்சேன். பாக்க அழகா தான் இருந்துச்சு, இல்லங்கல. ஆனா குழலை வண்டியில வச்சா மூக்கு டொக்குனு கீழ விழுது. வழிகாட்டித் தாள்ல என்ன போட்டிருக்குன்னா, குழலை ஆப்போட சேத்து ஒட்டிடுங்கன்னு. அது எனக்கு ஒத்துக்கல. உண்மையான பீரங்கியை யாரும் ஒட்டி வைக்கலையே, அது தன்னோட கனத்துல தானே பின்னாடி சாஞ்சு நின்னுச்சு, இது ஏன் நிக்கலன்னு வெர்னியரை எடுத்து அளந்தேன்.

அளந்தப்ப தான் விஷயம் புரிஞ்சுது. ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்குற முளை, ட்ரனியன்னு சொல்றது, அது எங்க வரணும்னு பழைய ஆளுங்க ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. குழலோட நீளத்தை ஏழு பங்காப் பிரிச்சு, பின்னாடி அடிவளையத்துலேர்ந்து மூணாவது பங்கு முடியுற இடத்துல முளையோட மையம். முளையோட விட்டமும் நீளமும் குண்டு போற துளையோட விட்டத்துக்குச் சமம். கிட்ல குழல் 140 மில்லி, அப்படிப் பாத்தா 60ல இருக்க வேண்டிய முளை 48ல இருந்துச்சு. 12 மில்லி பின்னாடி தள்ளி வச்சிட்டாங்க, அதான் மூக்கு விழுது. வார்த்து வந்த சாமான், நகர்த்தவும் முடியாது. இதோட ரெண்டு மாசத்துல நம்ம ஊர் ஈரக்காத்துக்கு பிளைவுட் சக்கரம் ரெண்டு ஓரத்துல பிரிஞ்சு வாயைப் பொளந்துருச்சு. ஜன்னல் பக்கத்துல வச்சது என் தப்பு தான், ஆனா இங்க எந்த வீட்டுல தான் ஈரம் இல்ல.

அப்ப தான் செஞ்சே பாக்கணும்னு முடிவு பண்ணேன்.

அளவுக்கு ஃபோர்ட் கேனிங் பீரங்கியை அப்படியே நகல் எடுக்கல. 9 பவுண்டர்ங்கிறது குண்டோட எடையை வச்சு வந்த பேரு, இங்கிலீஷ் 9 பவுண்டர்ன்னா துளை 4.2 அங்குலம், அதாவது 107 மில்லி, ஆனா குழல் நீளம் பல விதமா வந்துச்சு. நான் 7 அடிக் குழலை எடுத்துக்கிட்டு பத்துல ஒரு பங்கா சுருக்குனேன். குழல் நீளம் 213.4, துளை 10.7, அடி விட்டம் 38, கழுத்துல 24, முளை அடிவளையத்துலேர்ந்து 91.5ல. பின்னாடி குமிழுக்கு இன்னொரு 25 மில்லி. பத்துல ஒரு பங்குங்கிறதால கணக்குப் போட கால்குலேட்டரே தேவைப்படல, அந்த ஒரு முடிவு மட்டும் முதல் நாள்லயே சரியா எடுத்தேன்.

முதல்ல மரத்துல முயற்சி பண்ணேன். வீட்டுல லேத்து, அதாவது கடைசல் மெஷின் கிடையாது, அதனால ஒரு மரக்கட்டையை டிரில்ல மாட்டி, டிரில்லை மேசையோட கிளாம்ப் போட்டு, சுத்த விட்டு அரத்தால ராவலாம்னு. நீளம் 150 தாண்டுனா மறு முனைக்குத் தாங்கல் இல்லாம இது நடக்கவே நடக்காது. கட்டை ஆட ஆரம்பிச்சு, கழுத்துல பட்டுனு ஒடஞ்சு சோபாவுக்கு அடியில போயிருச்சு. கண்ணாடி போட்டிருந்தேன், நல்ல வேளை. சத்தத்துக்குக் கீழ் வீட்டு ஆன்ட்டி மேல வந்து என்ன ரெனோவேஷனான்னு கேட்டுட்டுப் போனாங்க. எச்டிபி அடுக்குமாடி வீட்டுக்குள்ள இந்த வேலை வேணாம்னு அன்னிக்கே விட்டுட்டேன்.

3டி பிரிண்ட்டும் ஒண்ணு போட்டேன், கூட்டாளியோட மெஷின்ல, ஒம்போது மணி நேரம். உருவம் சரியா வந்துச்சு, கையில எடுத்தா காலி டப்பா மாதிரி இருந்துச்சு. பீரங்கின்னா கனம் தானே. ஆனா அதை வீசல, பின்னாடி பித்தளை கடையும்போது பக்கத்துல வச்சுப் பாத்துக்க அது ரொம்பவே உதவுச்சு.

அப்புறம் பழைய சாமான் விக்கிற கேரசல் ஆப்ல ஒரு மினி லேத்து 650 வெள்ளிக்குக் கிடைச்சுச்சு, சென்டருக்கு சென்டர் 350 மில்லி வரைக்கும் போகும். காக்கி புக்கிட்ல கூட்டாளிக்கு ஒரு சின்ன யூனிட், அதாவது வேலை செய்ற இடம் இருக்கு, ஏர்கான் சர்வீஸ் பண்றவரு, அங்க ஒரு மூலையில வச்சுக்கச் சொன்னாரு. 40 கிலோ, ரெண்டு பேரு தூக்குனோம். எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க புளோக்ல நாலாவது மாடியில இருக்குற மாமா, செம்பவாங் ஷிப்யார்டுல டர்னரா முப்பது வருஷம் இருந்தவரு. புளோக்குக்குக் கீழ திறந்தவெளியா இருக்குற வாய்ட் டெக்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவர்கிட்ட வரைபடத்தைக் காட்டுனேன். கண்ணாடியை ஏத்தி விட்டுப் பாத்துட்டு, "தம்பி, இதுல கடையிறது ஒண்ணும் பெருசில்ல, குறுக்க ஓட்டை போடுவ பாரு, அங்க தான் உன் உசுரை வாங்கும்"ன்னாரு. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். கேட்டிருக்கணும் அன்னிக்கே, எதுக்கு அப்படிச் சொல்றீங்க மாமான்னு.

பித்தளை 40 மில்லி உருண்டைக் கம்பி, 270 நீளம் வெட்டி வாங்குனேன். எடை 2.9 கிலோ, கிலோ 22 வெள்ளின்னு போட்டு, வெட்டுக் கூலியோட 69 வெள்ளி. லேத்தோட ஸ்பிண்டில் துளை 20 மில்லி தான், 40 கம்பி உள்ள போகாது, அதனால ஒரு முனையை லேத்தோட பிடியில, சக்ல, 25 மில்லி பிடிச்சு, மறு முனைக்கு எதிர்ப்பக்கத் தாங்கலான டெயில்ஸ்டாக்ல கூடவே சுத்துற கூர்முனை, லைவ் சென்டர் குடுத்தேன். பித்தளைக்கு டூல் பிட்டோட மேல்முகம் சாய்வு இல்லாம சப்பையா இருக்கணும், இரும்புக்குத் தீட்டுற மாதிரி சாய்வு வச்சா அது உலோகத்தை வெட்டாம உள்ள இழுத்துக்கும். இது மாமா முதல் நாளே தீட்டிக் குடுத்துட்டாரு. தூள் ஊசி ஊசியா பறந்து சட்டைக்குள்ள போகும், காலர் வச்ச சட்டை போட்டுக்கணும், டிஷர்ட் கூடாது.

கடையிறதுல எனக்கு ஆச்சரியமா இருந்த ஒரு விஷயம். பீரங்கிக் குழல் பின்னாடி தடிச்சு முன்னாடி மெலிஞ்சு போகும், ஆனா ஒரே சாய்வா போகாது, நடுநடுவுல வளையம் வச்சு படி படியா இறங்கும். முதல் பகுதி நீளத்துல ஏழுல ரெண்டு, என் அளவுக்கு 61 மில்லி. என் லேத்துல டூலைச் சாய்வா நகர்த்துற காம்பவுண்ட் ஸ்லைடு 55 மில்லி தான் நகரும். கடைசி ஆறு மில்லிக்கு ஸ்லைடைத் திருப்பி வச்சு மறுபடி பிடிச்சேன், அந்தச் சேர்ற கோடு சரியா வளையத்துக்குக் கீழ மறைஞ்சுருச்சு. அலங்காரம்னு நாம நினைக்கிற வளையம் வேலைக்காரனுக்கு எவ்ளோ வசதின்னு அன்னிக்குத் தான் தெரிஞ்சுது.

முன்பகுதி 105 மில்லி நீளம், 30லேர்ந்து 24க்கு இறங்கணும், அதுக்கு காம்பவுண்ட் பத்தவே பத்தாது. அதுக்கு ரெண்டு சென்டருக்கு நடுவுல கம்பியை மாட்டி டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டுல தள்ளணும். கணக்கு என்னன்னா, சென்டருக்கு சென்டர் நீளம் 260, அதை விட்ட வித்தியாசம் 6 ஆல பெருக்கி, சாய்வு நீளத்தோட ரெண்டு மடங்கு 210 ஆல வகுக்கணும், 7.4 மில்லி வரும். தள்ளுறது அஞ்சு நிமிஷம், வேலை முடிஞ்சு பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டு வர்றதுக்கு ஒரு முழு சாயங்காலம் போச்சு. தள்ளுறதுக்கு முன்னாடி பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்தேன், பென்சில் எண்ணெய்ல அழிஞ்சு போச்சு. ஸ்க்ரைபர்ல கீறி வைங்க.

வாய்ப்பக்கம் மணி மாதிரி விரியுற இடத்துக்கு அந்த வளைவுக்கே ஒரு டூல் தீட்டி நேரா உள்ள விட்டேன். மொத்தக் குழலும் கூவுச்சு, மேற்பரப்பு மீன் செதில் மாதிரி வரி வரியா ஆயிருச்சு. அகலமான டூல் இந்த மாதிரி சின்ன லேத்துக்குத் தாங்காது. ஆகக் கம்மி வேகத்துல வச்சும் கூவுச்சு, கடைசியில படி படியா கடைஞ்சுட்டு மீதியை அரத்தாலயும் எமரித் தாளாலயும் தான் முடிச்சேன், 240, 400, 600. தாளை ஐஸ்கிரீம் குச்சியில ஒட்டிப் பிடிங்க, விரல்ல சுத்திக்கிட்டு ஓடுற லேத்துகிட்ட போகவே போகாதீங்க.

ரெண்டரை மாசத்துல குழல் பளபளன்னு வந்துருச்சு. மிச்சம் குறுக்கு ஓட்டை மட்டும் தான். பழைய பீரங்கிகள்ல முளை குழலோட மையக்கோட்டுல இருக்காது, கொஞ்சம் கீழ இருக்கும், நான் 4 மில்லி கீழ வரஞ்சிருந்தேன். குழலை வி-பிளாக்ல, உருண்டைச் சாமான் உருளாம நிக்குறதுக்கு V மாதிரி பள்ளம் வெட்டுன கட்டையில, படுக்க வச்சு டிரில் பிரஸ்ல 6 மில்லி டிரில்லை நேரா இறக்குனேன். ரெண்டு தப்பு ஒரே நேரத்துல. ஒண்ணு, சாய்வா கடைஞ்ச குழல் வி-பிளாக்ல மட்டமா படுக்காது, அதோட மேல்கோடு மட்டமா தெரிஞ்சாலும் மையக்கோடு சாஞ்சு தான் இருக்கும். ரெண்டு, மையத்தை விட்டுத் தள்ளி உருண்டை மேல டிரில் முனையை வச்சா அது சரிவுல வழுக்கிக்கிட்டுப் போகும். அடுத்து 10.5 போட்டேன், கணக்குப்படி 10.7 வேணும், கையில இருந்தது 10.5 தான். அது கடைசி ரெண்டு மில்லியில பித்தளையைக் கவ்விப் பிடிச்சு குழலையே தூக்கிருச்சு. கை நல்லாருந்துச்சு, கிளாம்ப் போட்டிருந்ததால தப்பிச்சேன்.

அளந்தா ஒரு பக்க முளை மறு பக்கத்தை விட 1.4 மில்லி முன்னாடி. 1.4 தானேன்னு கம்பியைச் சொருகி வண்டியில வச்சுப் பாத்தேன். முளைக்கு முளை 60 மில்லி, அங்கேர்ந்து வாய் 122 மில்லி தள்ளி, அந்த 1.4 வாய்ல கிட்டத்தட்ட 3 மில்லியா வளந்து நிக்குது. பீரங்கி இடப்பக்கமா முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது. மகளே பாத்துட்டு கேட்டா, ஏன் பா அது அந்தப் பக்கம் பாக்குதுன்னு. ரெண்டரை மாச வேலை. அன்னிக்கு ராத்திரி அதைத் துணியில சுத்தி அலமாரிக்குள்ள வச்சுட்டு மூணு வாரம் அந்தப் பக்கமே போகல.

மாமாகிட்ட எடுத்துட்டுப் போனேன். திட்டுவாருன்னு நினைச்சேன், திட்டல. குழலை உருட்டி உருட்டிப் பாத்துட்டு, "கடைஞ்சது நல்லா இருக்கு. வரிசை தான் தப்பு. ஓட்டையை முதல்ல போடு, அப்புறம் கட"ன்னாரு. எனக்கு முதல்ல புரியல. கம்பி இன்னும் 40 மில்லி உருண்டையா, தலை கால் ஒரே அளவா இருக்கும்போதே முளைக்கு ஓட்டை போட்டுடணும். அப்ப வி-பிளாக்ல அது பொய் சொல்லாது. அதுக்கப்புறம் அந்த ஓட்டைக்குள்ள ஒரு பித்தளைத் துண்டை சூப்பர் குளூ வச்சு அடைச்சுட்டு கடைஞ்சா டூல் ஓட்டையில தட்டாது. முடிஞ்சதும் லேசா சூடு காட்டுனா குளூ விட்டுரும், துண்டைத் தட்டி எடுத்துட்டு உண்மையான முளையைச் சொருகலாம். இவ்ளோ தான் விஷயம்.

இன்னொரு 69 வெள்ளி. இந்தத் தடவை மையம் கண்டுபிடிக்க மாமா ஒரு வித்தை காட்டுனாரு. ஒரு மெல்லிசான இரும்பு ஸ்கேலை உருண்டைக் கம்பி மேல படுக்க வச்சு, டிரில் பிரஸ்ல மாட்டுன கூர்முனையை மெதுவா அது மேல இறக்கணும். முனை உச்சிக்கு நேரா இருந்தா ஸ்கேல் மட்டமா நிக்கும், கொஞ்சம் விலகுனாலும் ஸ்கேல் ஒரு பக்கம் தலையைச் சாய்க்கும். எந்த மெஷினும் வேணாம், கண்ணாலயே தெரியுது. மையம் கிடைச்சதும் வைஸை 4 மில்லி பக்கவாட்டுல தள்ளி, முதல்ல கட்டையான சென்டர் டிரில், அது நீளம் கம்மிங்கிறதால வளையாது வழுக்காது. அப்புறம் 4, 6, 8, 10.5. அந்த 10.5 டிரில்லோட வெட்டு ஓரத்தை எண்ணெய்க் கல்லுல ரெண்டு தடவை இழுத்து சப்பையாக்கிட்டேன், கவ்வவே இல்ல, சீராத் தூளா கொட்டுச்சு. அளந்தா ரெண்டு பக்க வித்தியாசம் 0.1க்குள்ள. அந்த நேரம் யூனிட்ல யாரும் இல்ல, நான் மட்டும் நின்னு அந்த ஓட்டை வழியா அந்தப் பக்க வெளிச்சத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

கடையிறது ரெண்டாவது தடவை அஞ்சு வாரத்துல முடிஞ்சுது. 2.9 கிலோ கம்பி கடைசியில ஒண்ணரை கிலோ குழலா நிக்குது, கிட்டத்தட்ட பாதி தூளாப் போச்சு, அந்தத் தூளை காராங் குனி அங்கிள், பழைய சாமான் வாங்குறவரு, எடை போட்டு வாங்கிக்கிட்டாரு. முளையை ஒட்ட முதல்ல சால்டர் வைக்கலாம்னு பாத்தேன், ஒண்ணரை கிலோ பித்தளை சின்ன கேஸ் டார்ச்சோட சூட்டைக் குடிச்சுட்டு சும்மா கிடக்குது, ஈயம் உருகவே இல்ல. உலோகத்தை ஒட்டுற லாக்டைட் 638 பசை போட்டேன், 32 வெள்ளி, ஒரு நாள் விட்டுட்டேன், அசையல.

ஒரு சந்தேகம் இருந்துச்சு. உண்மையான குழல் உள்ள வெறுமையா இருக்கும், என்னோடது கெட்டி, அதனால முன்பக்கம் இருக்க வேண்டியதை விட கனமாயிருக்கும். முளையை ஏழுல மூணுல வச்சும் மூக்கு விழுந்துட்டா என்ன பண்றது. வரைபடத்துல கணக்குப் போட்டா, குமிழைச் சேக்காம குழலோட கனமையம் 92 மில்லி பக்கம் வருது, முளை 91.5ல, அதாவது தராசு முள்ளு மாதிரி நடுவுல. பின்னாடி இருக்குற குமிழும், வாய்ல போட்ட 12 மில்லி ஓட்டையும் சேந்து தான் பின்பக்கம் கொஞ்சம் கனத்துச்சு. அதான் நேத்து அவ்ளோ மெதுவா இறங்கி சாஞ்சுது. குமிழை இன்னும் கொஞ்சம் சின்னதா கடைஞ்சிருந்தா நானும் கிட் மாதிரி ஒட்ட வேண்டியதாயிருக்கும்.

வண்டியைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, மரவேலை எனக்குக் கை வந்துச்சு. பழைய தேக்கு டீப்பாய் ஒண்ணு கீழ் மாடி லிஃப்ட் பக்கத்துல போட்டிருந்தாங்க, கேட்டு எடுத்துக்கிட்டேன். பக்கப் பலகை 12 மில்லி கனம், பின்னாடி படி படியா வெட்டுனது, நெம்புகோலை அந்தப் படியில ஊனி தான் குழலைத் தூக்குவாங்க, தூக்குனதும் ஆப்பைத் தள்ளுவாங்க. சக்கரத்துக்கு ஹோல் சா போட்டேன், நடுவுல வர்ற வட்டத்துண்டு தான் சக்கரம், பைலட் டிரில் போட்ட ஓட்டை அச்சுக்கு. முன் சக்கரம் பின் சக்கரத்தை விட ஒரு அளவு பெருசு, கப்பல் தளம் சரிவா இருக்குறதால வந்த பழக்கம். கொக்கி, வளையம், கயிறு எல்லாம் கிட்லேர்ந்து கழட்டிப் போட்டேன், அது நல்லா தான் செஞ்சிருந்தாங்க, அந்தச் சின்ன வளையத்தை நான் உக்காந்து வளைச்சிருந்தா இன்னும் ஒரு மாசம்.

கடைசியில வண்ணம். வீட்டுல பெரிய பேச்சு. அம்மாவுக்கு மனசே ஆறல, "இவ்ளோ நல்ல பித்தளைக்கு யாராச்சும் கருப்பு அடிப்பாங்களா"ன்னு. ஆனா ஃபோர்ட் கேனிங்ல இருக்குறது இரும்பு. பினாங்குல ஃபோர்ட் கார்ன்வாலிஸ்ல சேரி ராம்பாய்னு ஒண்ணு இருக்கு, 1603ல டச்சுக்காரங்க வார்த்த வெண்கலம், அதைச் செஞ்சிருந்தா நானும் உலோகத்தை அப்படியே விட்டிருப்பேன். 9 பவுண்டர் இரும்புன்னா கருப்பு தான். சரின்னு அம்மாவே புளியைக் கரைச்சு, குத்துவிளக்கு தேக்குற மாதிரி தேச்சுக் குடுத்தாங்க, ஒரு பொட்டு கறை இல்ல, எந்த கெமிக்கலும் அவ்ளோ சுத்தமா எடுத்திருக்காது. தண்ணில நல்லா அலசி, காய வச்சு, அசிட்டோன்ல தொடச்சு, எட்ச் பிரைமர் ஒரு கோட், மேட் கருப்பு மெல்லிசா மூணு கோட். வண்ணம் கோரிடார்ல அடிக்காதீங்க, காத்துல பறந்து பக்கத்து வீட்டு ஷூ மேல போய் உக்காரும், யூனிட்ல ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள வச்சு அடிச்சேன்.

செலவு: பித்தளைக் கம்பி ரெண்டு 138, முளைக்குக் கம்பி 12, டூல் பிட்டும் டிரில்லும் 28, லாக்டைட் 32, திருகு அச்சு வகையறா 18, பெயிண்ட் 24. மொத்தம் 252 வெள்ளி, லேத்து தனி. முதல் குழல் வீணாகாம இருந்தா 183, கிட் விலையை விட 18 வெள்ளி தான் கூட. நேரம் எழுதி வச்ச வரைக்கும் 94 மணி.

வாங்குறதா செய்யுறதான்னு என்கிட்ட கேட்டா, குழல் நீளம் 80 மில்லிக்குக் கீழன்னா வாங்கிடுங்க, கப்பல் மாடலுக்குன்னு கடைஞ்ச பித்தளைக் குழல் ரெடியா கிடைக்குது, அந்த அளவுல முளை ஒரு மில்லி தள்ளி இருந்தாலும் யாரு கண்ணுக்கும் தெரியாது. அதுக்கு மேல போனா குழலையும் வண்டியையும் செய்ங்க, கொக்கி வளையத்தை வாங்குங்க. கிட் வாங்குறதா இருந்தா பணம் கட்டுறதுக்கு முன்னாடி படத்துல ஸ்கேல் வச்சு முளை எங்க இருக்குன்னு அளந்துடுங்க, ஏழுல மூணு பக்கத்துல இல்லன்னா விட்டுடுங்க. அடுத்த தடவை நான் முதல்ல அலுமினியத்துல ஒண்ணு கடைஞ்சு பாத்துட்டு தான் பித்தளையைத் தொடுவேன், அதே கம்பி 0.9 கிலோ தான் வரும், வீணானாலும் வயிறு எரியாது. வாய்ப்பக்க வளைவுக்கு அகல டூல் தீட்டவே மாட்டேன். அடுத்தது தஞ்சாவூர் பீரங்கி தான், பட்டை வச்சு வளையம் வளையமா ஏத்தணும், அதுக்கு வளையத்தைச் சூடாக்கி இறக்குறதா ஒட்டுறதான்னு இன்னும் முடிவு பண்ணல.

இன்னிக்குக் காலையில மாமாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். கோப்பி குடிக்கிறதுக்கு முன்னாடியே கண்ணாடியை மாட்டிக்கிட்டு குழலை வண்டியிலேர்ந்து தூக்கி, கவுத்து, முளை சேர்ற இடத்துல நகத்தை வச்சு ஓட்டிப் பாத்தாரு. "எத்தனை கீழ?" "நாலு மாமா." ம்னு சொல்லிட்டுத் திருப்பி வச்சாரு, அது மறுபடி மெதுவா பின்னாடி சாஞ்சுது. அதைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு, "அந்தக் கோணக்குழல் வீசிட்டியா தம்பி?"ன்னாரு. இல்ல மாமா, அலமாரியில இருக்குன்னு துணியோட எடுத்துக் குடுத்தேன். போகும்போது அதைக் கையிடுக்குல வச்சுக்கிட்டு லிஃப்ட்ல இறங்கிப் போனாரு.